கூடை மாட்டிய சைக்கிள்

விடுமுறை நாளில் சலூன்காரருக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அண்ணன் வீட்டுக்குப் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வர வேண்டும். அந்த ஒரு வேலையிலிருந்து தப்பிக்கத்தான் காலையிலிருந்து காரணம் தேடிக்கொண்டிருந்தார். தலைவலியைப் போன வாரமே செலவழித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் கடைக்கு வெள்ளையடிப்பதாகப் புளுகியிருந்தார், அதனால் இனி அண்ணி கடைப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்ற கவலை வேறு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய்யில் இறங்கினால் இப்படித்தான் அலைய வேண்டியிருக்கும்.

அண்ணன் கடிகாரம் பழுது பார்த்தவர். சில வருடங்களுக்கு முன் அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் இன்னொரு கை. டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், இதோடு காலம் தள்ள வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். கண்ணுக்கே தெரியாத திருகை ஊசிமுனையில் எடுத்து வைத்த கையால் பாதி தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் தூக்க முடியவில்லை. கடிகாரக் கடையை மூடிய நாளிலிருந்து அண்ணனின் முகம் தம்பியின் பொறுப்பானது. வாரத்துக்கு ஒருநாள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி, ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டே சவரம் நடக்கும்.

அப்படி ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் இருக்கும்போதுதான் கத்தி பட்டுவிட்டது. காது மடலுக்குக் கீழே சின்னக் கீறல். ஆனால் ரத்தம் வந்தது. இத்தனை வருடத் தொழிலில் தெரியாத ஆளைக்கூடக் கீறாதவர், கூடப் பிறந்தவரைக் கீறிவிட்டார். சலூன்காரர் படிகாரத்தை வைத்து அழுத்தியபோது தன் கையைப் பார்த்தார். விரல்கள் லேசாக, மிக லேசாக, நடுங்கிக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து மனிதர் தன் கைக்குத் தானே ஒற்றர் வேலை பார்த்தார். காலையில் கடையைத் திறந்ததும் இரண்டு கையையும் கண்ணாடி முன் நீட்டிப் பார்ப்பார். நடுங்கும். முதல் வாடிக்கையாளர் வந்து உட்காரும்போதும் உள்ளங்கைக்குள் ஏதோ எறும்பு ஊர்வது போலிருக்கும். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். சரியாவது அவருக்கு ஆறுதலைத் தரவில்லை. அண்ணனுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் வந்து வந்து போனது என்று அண்ணி சொன்னது நினைவுக்கு வரும். சவரம் வேண்டாம், முடி மட்டும் வெட்டினால் போதும் என்று வாடிக்கையாளர்களின் மனதை மாற்றப் பார்த்தார். "தாடி உங்களுக்கு எடுப்பா இருக்கும் சார், விட்டுப் பாருங்க" என்று அவர் சொன்னதை நம்பி அந்தத் தெருவில் பாதிப் பேர் தாடியோடு திரிந்தார்கள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. அண்ணனிடம் எப்படிச் சொல்வது? 'உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது' என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கடைக்கு இடம் கொடுத்தவரிடம் மட்டும், மாதக் கடைசியில் காலி செய்துவிடுகிறேன் என்று போனில் சொல்லி வைத்தார்.

அவருடைய மனைவி தையல்காரி. வீட்டின் முன் அறையே அவளுடைய கடை. மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் புருஷனின் மௌனம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றார். கல்யாணமான எந்தப் பெண்ணும் அந்த 'ஒண்ணுமில்ல'யை நம்பியதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி தலைக்கு மேல் கிடந்ததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

அந்த விடுமுறை நாள் காலையில் அவளுக்கு நீல நூல் தீர்ந்துபோனது.

"என்னங்க, உங்க சைக்கிளை எடுத்துட்டுப் போறேன். கீழ்க்கடைல நூல் வாங்கிட்டு வந்துடறேன்."

"நான் வேணா போய்ட்டு வரேனே."

"நீங்க வாங்கிட்டு வர்ற நீலம் என்னைக்குமே நீலமா இருந்ததில்ல."

அவள் போய்விட்டாள். சலூன்காரர் மறுபடி காரணம் தேடுவதில் மூழ்கினார். வயிற்றுப்போக்கு என்று சொல்லலாம். ஆனால் அண்ணி கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு நேரில் வந்து நின்றாலும் நிற்பார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் தடாலென்று சுவரில் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மனைவி உள்ளே வந்தாள். நூல்கண்டை மேஜைமேல் எறிந்துவிட்டு இரண்டு கையையும் உதறினாள்.

"இந்தச் சனியன்ல எப்படிங்க தினமும் போய்ட்டு வர்றீங்க? கல்லுப் பாதை இறக்கத்துல முன் பிரேக்கைப் பிடிச்சா ஹேண்டில்பார் தந்தி அடிக்குது. இங்க பாருங்க என் கையை, இன்னும் நடுங்கறது நிக்கல!"

சலூன்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் நீட்டிய கையைப் பார்த்தார். விரல்கள் லேசாக, மிக லேசாக, நடுங்கிக்கொண்டிருந்தன.

"உனக்குமா?" என்றார்.

"எனக்குமான்னா?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நூல் வாங்கப் போய்வந்த பெண்ணுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கொட்டினார். அண்ணன் காதுக்குக் கீழே கீறியது, கண்ணாடி முன் கை நீட்டியது, தெருவெல்லாம் தாடி வளர்ந்தது. கடையைக் காலி செய்வதாகச் சொன்ன இடம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"கடையைக் காலி பண்றேன்னு சொல்லிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"உன்னைப் பயமுறுத்த வேணாம்னு..."

"என்னைப் பயமுறுத்த வேணாம்னு நீங்க மட்டும் தனியா பயந்துட்டு இருந்தீங்களாக்கும். நல்லா இருக்கு! என் மெஷின்ல தையல் தாவினா நான் முதல்ல ஊசியைக் கழட்டிப் பாப்பேன். என் கையைப் பாக்க மாட்டேன். வாங்க வெளியே."

வாசலில் சைக்கிள் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் சுவரில் சாய்ந்து நின்றது. பழைய வண்டி, ஆனால் உறுதியானது. முன்பக்கம் ஒரு கம்பிக்கூடை. அதில்தான் அவருடைய கத்திப் பெட்டி தினமும் சவாரி செய்யும். வழியெல்லாம் முன்னால் டொக் டொக் என்று ஒரு சத்தம் வரும். பெட்டிதான் குதிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது கூடை காலியாக இருந்தது. அவள் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினாள்.

டொக். டொக்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரேக் கட்டையா இருக்கும்," என்றார் அவர். அவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்படப் பயமாக இருந்தது.

"அப்ப பிரேக்கை விட்டுட்டுப் பாப்போம்." அவள் ஹேண்டில்பாரை முழுக்கப் பக்கவாட்டில் திருப்பினாள். சக்கரம் குறுக்கே நின்றது, அதனால் பிரேக் இல்லாமலே உருளாது. ஆட்டினாள். டொக்.

அவர் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தை மட்டும் இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். அச்சில் ஆட்டம் இல்லை. சக்கரமும் குற்றவாளி இல்லை, பிரேக்கும் இல்லை. மிச்சம் இருப்பது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கம்பி, அதாவது ஃபோர்க், வண்டியின் உடம்புக்குள் நுழையும் இடம்.

"மறுபடி ஆட்டு," என்றவர், அந்த இணைப்பின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார்.

இந்த விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மழித்த கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை முடி மிச்சமிருந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். கொஞ்ச காலமாக அதன்மேல் அவருக்கு நம்பிக்கை போயிருந்தது, அவ்வளவுதான். அவள் ஆட்டினாள். விரலுக்கு அடியில் இரும்பும் இரும்பும் ஒரு முடியளவு விலகி மறுபடி சேர்ந்தன.

"இருக்கு," என்றார். "மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு. ஃபோர்க் மொத்தமா ஆடுது."

"எப்ப இருந்து கை நடுங்குது உங்களுக்கு?"

அவர் யோசித்தார். கீறலுக்கு முன்பு. அதற்கும் முன்பு. மெல்ல அவருடைய பார்வை கூடைமேல் போய் நின்றது. அவளுடைய பார்வையும் அங்கேதான் நின்றது.

"கூப்பிடுங்க அவனை," என்றாள்.

அவன் என்பது அவளுடைய தம்பி. அடுத்த தெருவில் குடியிருந்தான். எதைச் சொன்னாலும் 'விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்' என்பான் என்பதால் குடும்பத்தில் அவனுக்குப் பெயரே 'பாத்துக்கறேன்' ஆகிவிட்டது. குழாய் ஒழுகினாலும் வருவான், கதவு கிறீச்சிட்டாலும் வருவான். வந்து போன பிறகு குழாய் கிறீச்சிடும், கதவு ஒழுகும் என்பது அக்காவின் கட்சி. கை நடுங்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன் இந்தக் கூடையை மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

பாத்துக்கறேன் ஸ்பானர்களோடு வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே வாசற்படியில் நின்றுவிட்டான்.

"கூடையை எப்படிடா மாட்டினே?"

"மேல் நட்டைக் கழட்டி, கூடையோட பட்டையை உள்ள விட்டு, மறுபடி முடுக்கினேன். நல்லா முடுக்கினேன்க்கா. ரெண்டு கையாலயும்."

"அந்த நட்டுக்குக் கீழ ஒரு வளையம் இருக்கே, அதை?"

"அது..." பாத்துக்கறேன் குனிந்து பார்த்தான். "அதுவும் திருகறதா?"

அந்த வளையம்தான், ஃபோர்க் சுழல்வதற்காக உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளை அழுத்திப் பிடிப்பது. கூடை மாட்டும் மும்முரத்தில் அது தளர்ந்திருக்கிறது. இவன் மேல் நட்டை மட்டும் உயிரைக் கொடுத்து முடுக்கியிருக்கிறான். பூட்டு பூட்டியாயிற்று, கதவு சாத்தவில்லை. அவன் முகத்தில் அசடு வழிந்தது. அவன் முடுக்கிய முடுக்கில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே ஆடிக்கொண்டிருந்தது என்று அக்கா எடுத்துச் சொன்னதும், பாவம், தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"விடுங்க மாமா..." என்று ஆரம்பித்தவன், அக்காவைப் பார்த்து, மிச்சத்தை மென்று விழுங்கினான்.

"நீ ஸ்பானரை மட்டும் குடு. நான் பாத்துக்கறேன்," என்றார் சலூன்காரர். அதைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

முதலில் மேல் நட்டைத் தளர்த்தினார். இண்டு இடுக்கில் எண்ணெய் விட்டார். வளையத்தைக் கையாலேயே திருகி இறக்கி, ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்தினார். பிறகு மேல் நட்டை முடுக்கினார். சத்தம் போய்விட்டது. ஆனால் முன்பக்கத்தைத் தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பினால், அது கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி முகத்தைத் திருப்ப மறுத்தது. நட்டை முடுக்கியபோது வளையமும் கூடவே சுற்றி அதிகமாக இறுகிவிட்டது. இப்படியே ஓட்டினால் வண்டி நேராகவே போகும், வளைவு வந்தாலும் நேராகவே போகும்.

மறுபடி தளர்த்தினார். இந்தத் தடவை பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே தளர்த்திவிட்டார். மனைவி பிரேக்கைப் பிடித்து ஆட்டினாள். சின்னதாக ஒரு டொக்.

"வளையத்தை ஒரு ஸ்பானரால பிடிச்சுக்கிட்டு, நட்டை இன்னொண்ணால முடுக்கணும் போல," என்றான் பாத்துக்கறேன் தரையிலிருந்து, மெல்லிய குரலில். வாழ்க்கையில் முதல் தடவையாக 'போல' என்று சேர்த்துப் பேசினான். அவன் சொன்னது சரி. அவனே எழுந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான், ஒரு துளி நகரவிடவில்லை. சலூன்காரர் நட்டை முடுக்கினார்.

மனைவி ஆட்டினாள். சத்தம் இல்லை. அவர் விரலை வைத்தார். மேலே வைத்தார், கீழே வைத்தார். விலகல் இல்லை. முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து லேசாகத் தட்டினார். ஹேண்டில்பார் தானாக இந்தப் பக்கம் விழுந்தது, அந்தப் பக்கம் விழுந்தது, எங்கேயும் சிக்கவில்லை.

"போய்ட்டு வாங்க," என்றாள் அவள். "இறக்கத்துல முன் பிரேக்கைப் பிடிங்க. பயந்துக்கிட்டு பின் பிரேக்கைப் பிடிக்காதீங்க."

கத்திப் பெட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கடைக்குப் போனாலும் அண்ணன் வீட்டுக்குப் போனாலும் இறங்க வேண்டிய கல்லுப் பாதையின் உச்சியில் ஒரு நிமிஷம் நின்றார். சைக்கிள் சரியாகிவிட்டது, அது தெரியும். கை? அதற்குத்தான் இந்த இறக்கம். கீழே விட்டார். பாதி வழியில் முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி முணுமுணுக்காமல் வேகம் குறைந்தது. கற்களின் மேடுபள்ளம் தெரிந்தது, அவ்வளவுதான். கீழே வந்து, ஒரு கம்பத்தின் ஓரமாக நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். எதிரே வந்த ஒரு பெரியவர் தன்னிடம்தான் ஏதோ கேட்கிறார் என்று நினைத்துச் சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தார்.

கை ஆடாமல் நின்றது. விரல், நகம், எல்லாம் நின்றன. சலூன்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அங்கேயே போனை எடுத்தார்.

"கடை விஷயமா பேசினேனே, அதை மறந்துடுங்க. காலி பண்ணல. இல்லல்ல, ஒண்ணுமில்ல... நட்டு லூசா இருந்துச்சு." எந்த நட்டு என்று அந்த மனிதர் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அண்ணன் வீட்டுக் கதவை அண்ணி திறந்தார். முகத்தில் மகிழ்ச்சியும் கோபமும் ஒன்றாக வந்தன. "வாங்க தம்பி. வெள்ளையடிச்சு முடிஞ்சுதா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் குரலைத் தணித்தார். "நேரா உள்ள போயிடாதீங்க. கொஞ்சம் நில்லுங்க. பழகிட்டு இருக்கார்."

"என்ன பழகறார்?"

"ஆடாம உக்காரத்தான். நீங்க வராம போனதிலிருந்து தினமும் காலைல ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு, கையை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சு அழுத்திக்கிட்டு உக்காந்துடறார். 'நான் ஆடினதாலதான் அவன் கத்தி பட்டுடுச்சு, அந்தப் பயத்துலதான் வர மாட்டேங்கறான், இனிமே அவன் வந்தா ஆடக்கூடாது'ங்கறார். எவ்வளவு சொல்லியும் கேக்கல."

தன் கை தன் கை என்று இத்தனை நாள் அழுத சலூன்காரருக்கு, இந்த வீட்டில் இன்னொருவர் அதே கீறலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது.

உள்ளே அண்ணன் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் நரைத்த தாடி. உள்ளங்கைகள் தொடைக்கடியில். தோள் மட்டும் லேசாக ஆடியது. தம்பியைப் பார்த்ததும் இன்னும் நிமிர்ந்து, இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தார்.

"வந்துட்டியா? பாரு, இப்ப எவ்வளவோ பரவாயில்ல. நீ பயப்படாம சவரம் பண்ணலாம்."

"கையை வெளிய எடுங்கண்ணே."

"இல்லடா, இருக்கட்டும்..."

"எடுங்க முதல்ல. நீங்க ஆடினதால படல. என் கைதான் ஆடுச்சு." முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கூடை, நட்டு, வளையம், இறக்கம். கடைசியாக, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததையும் சொன்னார். "உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு பயந்துட்டேன். அதான் மூஞ்சியைக் காட்ட முடியல."

தான் சொன்னது அண்ணனைக் குத்தியிருக்குமோ என்று தம்பி அவர் முகத்தையே பார்த்தார்.

"பயப்பட வேண்டியதுதான்டா," என்றார் அண்ணன் கடைசியில். "எனக்கே எத்தனை நாள் பயமா இருந்துருக்கு தெரியுமா? ஆனா என்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். என் கை சும்மா இருந்தாத்தான் ரொம்ப ஆடும். எதையாவது பிடிச்சா கொஞ்சம் அடங்கும். உனக்குக் கத்தியைப் பிடிக்கும்போதுதானே ஆடியிருக்கு, அது வேற மாதிரி. எங்க அந்த சைக்கிள்?"

பழுது பார்த்தவருக்கு அடுத்தவர் பார்த்த பழுதில் நம்பிக்கை வராது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முன் பிரேக்கைப் பிடித்தார். பிடித்ததும் கை அடங்கியது. வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, காதைச் சாய்த்து, கடிகாரத்தைக் கேட்பதுபோல் கேட்டார். மறுபடி ஆட்டினார்.

"ம். நல்லா உக்காந்திருக்கு," என்றார். "வா, வந்து வேலையைப் பாரு. அரிக்குது."

ஜன்னலோரம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி கழுத்தில் துண்டைச் சுற்றி, சோப்பைக் குழைத்து, கத்தியை எடுத்தார். அண்ணனின் கை பழக்க தோஷத்தில் தொடைக்கடியில் போகப் பார்த்தது. தம்பி அதை எடுத்து அவர் மடியின்மேல் வைத்தார். அது மடியில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடட்டும் விடுங்க," என்றார் தம்பி, கத்தியைக் கன்னத்தில் வைத்தபடி. "நான் பாத்துக்கறேன்."